வெள்ளி முடி வேண்டுமா? முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

போன இதழில் முடிக்கு நிறம் போடுவதைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கமிருந்து முடியை வெள்ளி போல வெளுத்துக்கொள்ளும் பிளாட்டினம் பிளாண்ட் பற்றிய கேள்விகளாகவே வந்து குவிந்துவிட்டன. ஆசைப்படுகிறவர்கள், செய்துகொண்டு அவதிப்படுகிறவர்கள், பிள்ளை செய்துகொண்டு வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் என்று எல்லா ரகமும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று யாரையும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று, இந்த நிறத்தில் பார்லரில் செலவாகும் நாள் சின்னச் செலவு. அதற்கப்புறம் வீட்டுக் குளியலறையில் மாதாமாதம் ஆகிற செலவுதான் பெரிசு. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அக்கா, எனக்கு இடுப்பு வரைக்கும் கருகருவென்று முடி. இதுவரை எந்த டையும் போட்டதில்லை. செமஸ்டர் லீவில் பிளாட்டினம் பிளாண்ட் பண்ணிக்கொள்ள ஆசை. ஒரே நாளில் முடியுமா? ஹாஸ்டலில் இருந்துகொண்டு பராமரிக்க முடியுமா?
- கல்லூரி மாணவி, காட்பாடி

ஒரே நாளில் முடியாதும்மா. முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடு.

பார்லர்களில் முடியின் கருமையை 1 முதல் 10 வரை எண் போட்டுப் பேசுவார்கள். நம் ஊர் முடி பெரும்பாலும் 1 அல்லது 2. பிளாட்டினம் வேண்டுமென்றால் 10 வரை ஏற வேண்டும், அதாவது வாழைப்பழத் தோலை உரித்தால் உள்பக்கம் தெரிகிறதே, அந்த வெளிர் மஞ்சள் வரைக்கும். வழியில் கரும்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசையாக எல்லாம் வந்துதான் தீரும், எதையும் தாண்டிக் குதிக்க முடியாது. அந்த வெளிர் மஞ்சள் வந்த பிறகுதான் டோனர் என்ற ஊதா கலந்த மேல்பூச்சைப் போடுவார்கள். ஊதா மஞ்சளை அடித்துவிடும், கண்ணுக்கு வெள்ளியாகத் தெரியும். ஆரஞ்சிலேயே நிறுத்திவிட்டு மேலே சாம்பல் டோனரைப் பூசினால் பிளாட்டினம் வராது, ஒரு மங்கிய பழுப்புதான் வரும். "நான் காட்டிய படத்துல இப்படி இல்லையே" என்று நிறையப் பேர் அழுவது இந்த இடத்தில்தான்.

இதைச் செய்வது பெர்சல்ஃபேட் உப்புகள் கலந்த பிளீச் பவுடரும், டெவலப்பர் என்று சொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடும். டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. சீக்கிரம் முடியட்டும் என்று 40-ஐக் கலந்து மண்டைத் தோலில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், சம்மதிக்காதே. 20-லேயே பொறுமையாக, இரண்டு மூன்று தடவையாக, நடுவில் சில வாரம் இடைவெளி விட்டு ஏற்றினால் முடி மிஞ்சும். உன் முடி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து நாலாவது தடவையும் தேவைப்படலாம்.

இப்போது உன் நீளத்துக்கு வருகிறேன். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியென்றால் உன் இடுப்பில் தொங்குகிற நுனிக்கு ஐந்து, ஆறு வயது. அத்தனை வருட வெயிலும் சீப்பும் கிளிப்பும் பார்த்த நுனி அது. அதற்கும் நேற்று முளைத்த வேர்ப்பக்க முடிக்கும் ஒரே பிளீச் என்றால் நுனி தாங்காது. தோள் வரைக்கும் வெட்டிக்கொள்ள மனசு வருமா? வந்தால் மேலே பேசலாம். வராது என்றால் முகத்தோரம் இரண்டு கொத்தோ, அடியில் ஒளிந்திருக்கும் ஒரு வரிசையோ மட்டும் போட்டுக்கொள். பார்க்க நன்றாகவே இருக்கும், சலித்துப்போனால் பின்னி மறைத்துவிடலாம்.

முழுத்தலைதான் வேண்டும் என்று பிடிவாதமா, சரி, இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள். காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கொத்தை மட்டும் முதலில் பிளீச் செய்து காட்டச் சொல். அதை ஈரமாக்கி இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பார். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் உயிர் இருக்கிறது. நீண்டுகொண்டே போய் கொழகொழவென்று கையோடு வந்தால் அன்றைக்கே ஆசையை ஒத்திப்போடு. அப்புறம், வேரை எப்போது தடவுகிறார்கள் என்று கவனி. மண்டைச் சூட்டில் வேரோரம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் நடு முடிக்கு முதலில், வேருக்குக் கடைசியில் என்பதுதான் முறை. போவதற்கு முந்தைய இரண்டு நாள் தலைக்குக் குளிக்காதே, தலையில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை தோலுக்குக் காவல். லேசாகக் குறுகுறுத்தால் பொறுத்துக்கொள்ளலாம். எரிந்தால் வாயை மூடிக்கொண்டு உட்காராதே, கழுவச் சொல்.

ஹாஸ்டல் கேள்விக்குப் பதில், கஷ்டம்தான். நாலு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வேரைத் தொட்டாக வேண்டும். தேர்வு என்று இரண்டு மாதம் விட்டுவிட்டால், வேரோடு ஒட்டிய பகுதி ஒரு நிறமாகவும் அதற்கு மேலே இன்னொரு நிறமாகவும் வளையம் வளையமாக வெளுக்கும், ஏனென்றால் மண்டைச் சூடு எட்டுவது முதல் ஒரு சென்டிமீட்டர் சொச்சத்துக்குத்தான். முதல் நாள் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு வருடத்துக்கு எத்தனை முறை போக வேண்டிவரும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டு வீட்டில் கேள்.

எங்கள் வீட்டில் கைலிக்கு நூல் சாயம் போடும் வேலை. நூலை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் பிளீச்சிங் பவுடரும் எப்போதும் இருக்கும். பார்லரில் போடுவதும் பெராக்சைடுதானே, அதையே தலைக்குப் போட்டுக்கொள்ளலாமா?
- நெசவாளர் வீட்டுப் பையன், குடியாத்தம்

தம்பி, நல்லவேளை கேட்டாய். தொடாதே.

பெயர் ஒன்றுதான், வீரியம் வேறு. நூல் வெளுக்க கேனில் வருவது 35 சதவீதம், 50 சதவீதம் என்று இருக்கும். தலைக்கு உச்சபட்சமே 12 சதவீதம், அதுவும் தோலில் படாமல். அந்த கேன் சரக்கு தோலில் பட்டால் உடனே வெள்ளையாகப் பொரிந்து எரியும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தண்ணீர் ஊற்றி நீர்த்துக்கொள்கிறேன் என்று கணக்குப் போடாதே, முடிக்கு விற்கும் டெவலப்பர் க்ரீமாக, நின்று வேலை செய்யும்படி, அமிலத்தன்மை சரிபார்த்துத் தயாரித்தது.

பிளீச்சிங் பவுடர் இதைவிட மோசம். அது பார்லரின் பிளீச் பவுடர் இல்லை, குளோரின் சரக்கு. உங்கள் நூல் பருத்தி, செடியிலிருந்து வந்த செல்லுலோஸ், அதனால் தாங்குகிறது. முடி புரதம். குளோரின் பிளீச் புரதத்தைக் கரைத்துவிடும், கம்பளியை அதில் ஊறவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உன் அப்பாவிடம் கேட்டால் பட்டு நூலை ஏன் அந்தத் தொட்டியில் போடுவதில்லை என்று அவரே சொல்வார்.

முகத்துக்குப் போடும் பிளீச் க்ரீம், எலுமிச்சைச்சாறு, டாய்லெட் கழுவும் திரவம் என்று இணையத்தில் வருகிற வீடியோக்களுக்கும் இதே பதில்தான்.

நான் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சுண்ணாம்பு டிரம்மில் போட்ட தோலிலிருந்து முடி கூழாகக் கழன்று வருவதைத் தினமும் பார்க்கிறேன். மகள் முடியை பிளீச் பண்ணிக்கொள்கிறேன் என்கிறாள். இரண்டும் ஒன்றுதானா?
- வாசகர், பேரணாம்பட்டு

ஐயா, எனக்கு வந்த கேள்விகளிலேயே சரியான இடத்தைத் தொட்ட கேள்வி உங்களுடையதுதான். ஒன்று இல்லை, ஆனால் ரொம்ப தூரமும் இல்லை.

முடிக்குப் பலம் கொடுப்பது கெரட்டின் என்ற புரதம். அந்தப் புரத இழைகளைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்துக் கட்டியிருப்பவை கந்தகப் பிணைப்புகள். உங்கள் டிரம்மில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறீர்கள் அல்லவா, காரத்தில் முடி ஊதியதும் சல்பைடு அந்தக் கந்தகப் பிணைப்பைப் போய் அறுக்கிறது. கட்டு அவிழ்ந்ததும் முடி கூழாகிவிடுகிறது. பிளீச்சும் காரம்தான், முடியின் மேல் செதில்களைத் திறந்துகொண்டு உள்ளே போகிறது. அதன் முதல் வேலை மெலனின் என்ற கருப்பு நிறமியை உடைப்பது. ஆனால் நிறமியை மட்டும் பார்த்து உடைக்க அதற்குத் தெரியாது, வழியில் கந்தகப் பிணைப்புகளையும் ஆக்ஸிஜனேற்றி ஒரு பங்கை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. டிரம்மில் எல்லாப் பிணைப்பும் போகிறது, பார்லரில் ஒரு பகுதி போகிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. உங்கள் வேலையில் நேரம் தப்பினால் தோலின் மேற்பரப்பு கெடும் என்று மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாரே, இங்கேயும் அந்தக் கவனம் வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

2014 வாக்கில் ஓலாப்ளெக்ஸ் என்ற பெயரில் ஒரு பொருள் வந்து, பிணைப்பைக் காக்கும் சிகிச்சை என்று இப்போது பல கம்பெனிகளும் விற்கிறார்கள். பிளீச்சோடு சேர்த்துப் போட்டால் உடைவது குறைகிறது, அது உண்மை. கெட்டுப்போன முடியை முன்பு இருந்தபடி ஆக்கிவிடும் என்று யாராவது சொன்னால் அது வியாபாரம். வெளியே தெரியும் முடி உயிரில்லாத பொருள், அதற்குப் புண் ஆறாது. ஆறுதல் என்னவென்றால் வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, புதிதாக வருவது கருப்பாகத்தான் வரும். தோல் வெந்து தழும்பு விழாத வரைக்கும் பிளீச்சால் வழுக்கை விழாது. உடைந்து மெலிவதைப் பார்த்து கொட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்களுக்காக ஒன்று. தோல் பதனிடும் குரோம் உப்பு மேலே பட்டதால் உங்கள் கையிலோ வீட்டில் யாருக்காவதோ கரப்பான், அரிப்பு இருந்தால், பிளீச் பவுடரையும் அவர்கள் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பெர்சல்ஃபேட்டும் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் சரக்குதான், சிலருக்கு மூச்சிரைப்பே வரும். ஆஸ்துமா உள்ள பெண்ணாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உட்கார வைக்காதீர்கள்.

மேடம், வெளியூரில் ஒரு பெரிய சலூனில் பிளாட்டினம் பண்ணிக்கொண்டு வந்தேன். முதல் வாரம் தேவதைதான். மூன்றாவது வாரம் மஞ்சள். இப்போது துருப்பிடித்தது போல ஆரஞ்சு. என்னை ஏமாற்றிவிட்டார்களா? பர்ப்பிள் ஷாம்பு போட்டும் போகவில்லை.
- வங்கி ஊழியர், சத்துவாச்சாரி

சலூனை விடுங்கள். உங்கள் குளியலறை டைல்ஸைப் பாருங்கள். குழாய்க்கு அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கிறதா? பக்கெட்டின் உள்பக்கம் பழுப்பாக ஒரு வளையம் இருக்கிறதா? ஷாம்பு எவ்வளவு போட்டாலும் நுரைக்க மாட்டேன் என்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் குற்றவாளி உங்கள் போர் தண்ணீர்.

பிளீச் செய்த முடியில் செதில்கள் திறந்தே கிடக்கும், எது கொடுத்தாலும் உறிஞ்சும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து முடியை விறைக்க வைக்கும், பளபளப்பைக் கொல்லும். இரும்பு படிந்தால் நீங்கள் சொன்ன அந்தத் துரு நிறம். தாமிரம் இருந்தால் லேசான பச்சை. (நீச்சல் குளத்தில் முடி பச்சையாவதற்கும் குளோரினைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் நிறம் தருவது தண்ணீரில் இருக்கும் தாமிரம்.) கருப்பு முடியில் இதெல்லாம் இருந்தும் தெரியாது. வெள்ளைத் துணியில் கறை தெரிகிற கதைதான். பாலாற்றுப் படுகைத் தண்ணீரைத் தோல் கழிவு கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது, நம் எல்லோருக்கும் தெரியும். அதற்காக எல்லாப் பழியையும் அதன் மேல் போடவும் முடியாது, பாறையைக் குடைந்து இறங்குகிற போரில் எந்த ஊரிலும் உப்பு இருக்கத்தான் செய்யும்.

பர்ப்பிள் ஷாம்பு ஏன் வேலை செய்யவில்லை என்றால், ஊதா அடிப்பது மஞ்சளை மட்டும். ஆரஞ்சுக்கு எதிர் நீலம். அதைவிட முக்கியம், படிந்திருக்கும் இரும்பின் மேல் எந்த நிறத்தைப் பூசினாலும் நிற்காது. முதலில் படிவை எடுக்க வேண்டும். ஷாம்பு வாங்கும்போது பின்பக்கம் இ.டி.டி.ஏ. (உலோகப் படிவைப் பிடித்து இழுக்கும் சரக்கு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், கடின நீருக்கானது அல்லது கீலேட்டிங் என்று எழுதியிருக்கும். அதைத் தலையில் நுரைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள், பின்னாடியே நல்ல கெட்டியான கண்டிஷனர் போடுங்கள், ஏனென்றால் முடி வறண்டுவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆரஞ்சு பாதிக்கு மேல் இதிலேயே இறங்கிவிடும். அப்புறம் மிஞ்சுகிற மஞ்சளுக்கு பர்ப்பிள் ஷாம்பு, வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிடம். தினமும் போட்டால் முடி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும், பயப்பட வேண்டாம், அதுவும் நாலு குளியலில் போகும்.

ஆனால் மறுபடியும் போரிலேயே குளித்தால் மறுபடியும் இதே கதை. உங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வருகிற நாள் தெரியுமல்லவா, தலைக்குக் குளிப்பதை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு குடம் பிடித்து வையுங்கள். போரில் ஷாம்பு போட்டாலும் கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். கேன் தண்ணீரில் இரண்டு மூன்று மக்கு போதும், தோள் வரை முடிக்கு அதற்கு மேல் வேண்டாம். மழை பெய்தால் மாடியில் ஒரு அண்டாவை வையுங்கள், அதைவிட நல்ல தண்ணீர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஷவரில் மாட்டுகிற சின்ன ஃபில்டரை வாங்கி ஏமாறாதீர்கள், அது குளோரினையும் மண்ணையும் பிடிக்கும், உப்பை எடுக்காது. உப்பை எடுக்க வீட்டுக்கே சாஃப்ட்னர் போட வேண்டும். காய்ச்சினால் கடினத்தன்மை ஒரு பகுதிதான் குறையும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மே மாதம் மத்தியானம் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் முட்டையே அவித்துவிடலாம், அதைத் தலையில் ஊற்றினால் டோனர் அப்படியே கரைந்து ஓடிவிடும். காலையில், தொட்டி ஆறியிருக்கும்போது குளியுங்கள். வெயிலே தனியாகவும் மஞ்சளாக்கும், வண்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், வியர்வையும் அதில் போகும். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் ஷாம்பு வேண்டாம். ஸ்ட்ரெயிட்னர் கட்டாயம் வேண்டுமென்றால் சூட்டைக் குறைத்து வையுங்கள், அதிகச் சூடு வெள்ளை முடியைப் பழுப்பாக்கும். வெள்ளிக்கிழமை முகத்துக்கு மஞ்சள் பூசுகிற வழக்கம் இருந்தால் நெற்றியோர முடியை முதலில் கட்டிவிடுங்கள், ஒட்டினால் அந்த மஞ்சளை எடுக்க நாள் ஆகும்.

எண்ணெய் வைக்கலாமா, சீயக்காய் தேய்க்கலாமா?
- இல்லத்தரசி, சோளிங்கர்

சுத்தமான தேங்காயெண்ணெய் வைக்கலாம், தாராளமாக. குளிப்பதற்கு முன் தடவினால் கழுவும்போது முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைக்கும், அது சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வேம்பாளம்பட்டை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, நிறம் ஏறிவிடும். சீயக்காய்க்கும் அதே தடை.

என் மகனுக்கு 23 வயது. பெங்களூரில் வேலை. பொங்கலுக்குத் தலையை வெள்ளை வெளேரென்று ஆக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். அடுத்த மாதம் மகள் வயிற்றுப் பேரனுக்குக் குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறோம், இவன்தான் தாய்மாமன், மடியில் உட்கார வைக்க வேண்டும். மூளைக்கு ஏதாவது ஆகுமா? திரும்பக் கருப்பாக்க வழி என்ன?
- ஓர் அம்மா, ஆரணி

அம்மா, மூளைக்கு ஒன்றும் ஆகாது, பிளீச் அவ்வளவு தூரம் போகாது. முதலில் அவனைச் சாப்பிட வையுங்கள்.

கருப்பாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் ஒரு கருப்பு டை பாக்கெட் வாங்கிப் பூசிவிட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். வெளுத்த முடியில் சிவப்பு, ஆரஞ்சு நிறமிகள் எல்லாம் காலி. அதன் மேல் நேராகக் கருப்போ பழுப்போ போட்டால் சேற்று நிறமாக, பச்சை கலந்தாற்போல, திட்டுத்திட்டாகப் பிடிக்கும், சில குளியலிலேயே மங்கவும் மங்கும். தெரிந்தவர்கள் முதலில் செம்பு நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்து, போன சிவப்பை நிரப்பிவிட்டு, அதற்கு மேல்தான் கரும்பழுப்பு போடுவார்கள். ஜெட் பிளாக் கேட்காதீர்கள், பின்னால் அதை எடுப்பது இன்னொரு தலைவலி. மருதாணிப் பொடியை அரைத்து அப்பவும் வேண்டாம், கேரட் நிறத்தில்தான் வந்து நிற்பான்.

இதைவிடச் சுலபமான வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு நாவிதர் எப்படியும் வருகிறார். மாமனும் மருமகனும் சேர்ந்தே மொட்டை போட்டுக்கொண்டால் சொந்தக்காரர்கள் பக்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பையன் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேட்டி சட்டையும் வெள்ளை முடியுமாக அப்படியே உட்கார வையுங்கள். பேரன் வளர்ந்து அந்தப் போட்டோவைப் பார்த்து எவ்வளவு சிரிப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு 54 வயது. பல வருடமாக மாதம் ஒருமுறை கருப்பு டை. இப்போதெல்லாம் போட்ட மறுநாள் நெற்றியும் காதோரமும் அரித்துத் தடிக்கிறது. மருமகள் "பேசாம சில்வர் ஆக்கிடுங்க அத்தை" என்கிறாள். முடியுமா?
- ஆசிரியை, வாலாஜாபேட்டை

மருமகள் சொல்வதைக் கேளுங்கள் டீச்சர். ஆனால் அதற்கு முன் அந்த டையை இன்றோடு நிறுத்துங்கள். கருப்பு டைகளில் இருக்கும் பிபிடி என்ற பாராஃபினைலீன்டயமின் பலருக்கு வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டு, திடீரென்று ஒருநாள் ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், ஒவ்வொரு தடவையும் கூடும், கண் இமை வீங்கி மூடிப்போகிற அளவுக்குக்கூட. "ஐந்து நிமிடக் கருப்பு மருதாணி" என்று விற்பதிலும் அதே சரக்குதான் பல நேரம் இருக்கிறது, இயற்கை மருதாணி ஒருநாளும் கருப்பாகப் பிடிக்காது. தோல் மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில்வருக்கு வருகிறேன். உங்கள் நரைமுடியில் நிறமியே இல்லை, வெளுக்க ஒன்றும் கிடையாது, வேரில் ஏற்கெனவே நீங்கள் பிளாட்டினம்தான். தொல்லை கொடுக்கப்போவது கீழே நீளமாகப் படிந்திருக்கும் பல வருட டை. பிறவிக் கருப்பைக்கூட எடுத்துவிடலாம், மாதாமாதம் அடுக்கடுக்காகப் போட்ட செயற்கைக் கருப்பை எடுப்பது அதைவிடக் கடினம். அதனால் பிளீச்சோடு மல்லுக்கட்டாதீர்கள். முடியைக் காது வரைக்கும், முடிந்தால் இன்னும் குட்டையாக வெட்டிக்கொண்டு, ஐந்தாறு மாதம் பொறுங்கள், வெட்ட வெட்ட கருப்பு போய்விடும். அந்த இடைக்காலத்தில்தான் பள்ளிக்கூடத்தில் "உடம்பு சரியில்லையா டீச்சர்" என்பார்கள், சிரித்துவிட்டுப் போங்கள். வெள்ளை வந்த பிறகு மாதம் இரண்டு தடவை பர்ப்பிள் ஷாம்பு போட்டால் மஞ்சள் ஏறாமல் பளிச்சென்று நிற்கும். இந்த வயதில் வருகிற இந்த வெள்ளிக்கு இளம்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

கல்யாண ரிசப்ஷனுக்கு பிளாட்டினம் முடி வேண்டும். இரண்டு மாதம் இருக்கிறது. முன்பு மருதாணியும் அவுரிப் பொடியும் போட்டிருக்கிறேன்.
- மணப்பெண், ராணிப்பேட்டை

வேண்டாம். அவுரி போட்ட முடியை வெளுத்தால் பச்சை இறங்கும், எளிதில் போகாது. கடைப் பொடியில் உலோக உப்பு கலந்திருந்தால் பெராக்சைடு பட்டதும் முடி சூடாகிப் புகைகூட வரலாம். இரண்டு மாதத்தில் இந்த ஆபத்தை எல்லாம் தலையில் ஏற்றாதீர்கள்.

ஒரு நாளுக்குத்தானே, நல்ல விக் ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ எடுங்கள், மனித முடியில் செய்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. காட்பாடியில் ரயிலேறித் திருப்பதியில் நாம் கொடுத்துவிட்டு வருகிற முடியை தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, இந்தியக் கோவில் முடி கப்பலேறிப் போய், தொழிற்சாலைத் தொட்டிகளில் மெல்ல மெல்ல நிறம் நீக்கப்பட்டு, பிளாண்ட் விக்காகவும் ஒட்டுமுடியாகவும் உலகமெல்லாம் விற்கிறது. வெள்ளைக்காரப் பெண் தலையில் இருப்பதே நம் ஊர் முடியாக இருக்கலாம். அதிலேயே ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சொந்த முடி பூ வைக்கப் பத்திரமாக இருக்கட்டும்.

அக்கா, நான் வெளியே போகும்போது ஹிஜாப் போடுவேன். வீட்டுக்காரருக்கு இந்த நிறம் ரொம்பப் பிடிக்கும், வீட்டோடு இருக்கட்டும் என்று ஆசை. துணிக்குள் முடி கெட்டுவிடுமா?
- வாணியம்பாடி சகோதரி

கெடாது, வெயில் படாததால் உங்கள் டோனர் மற்றவர்களைவிட அதிக நாள் நிற்கும். இரண்டே கவனம். ஈர முடியை முடிச்சுப் போட்டு மேலே துணி கட்டாதீர்கள், பிளீச் செய்த முடி ஈரத்தில்தான் சட்டென்று அறுந்துபோகும். உள்ளே போடும் தொப்பி வழுவழுப்பான துணியாக இருக்கட்டும், சொரசொரப்பான பருத்தி நெற்றியோர முடியைத் தேய்த்தே உடைத்துவிடும்.

ப்ரோ ஸ்டைலில் ஷார்ட் கட், மேலே மட்டும் பிளாட்டினம். ஜென்ட்ஸ் சலூனில் செய்கிறேன் என்கிறார்கள். ஓகேவா?
- ஆம்பூர் இளைஞர்

இந்தப் பக்கத்தில் எழுதியவர்களிலேயே கவலையில்லாமல் போடக்கூடிய ஆள் நீங்கள்தான். உங்கள் முடிக்கு வயதே மூன்று, நாலு மாதம்தான், புதுசு, தாங்கும். கெட்டாலும் இரண்டு தடவை முடி வெட்டினால் போயே போச்சு.

ஆனால் உங்களுக்கு முடி முழுக்கவே மண்டையை ஒட்டி இருப்பதால் பிளீச்சும் தோல் மேலேயே உட்காரும். பொடுகைச் சொறிந்த புண், ஷேவ் பண்ணிய கீறல் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். 20 வால்யூமுக்கு மேல் போடவிடாதீர்கள், இரும்புக் கிண்ணத்தில் கலக்கவிடாதீர்கள், ஹேர் டிரையரைக் காட்டிச் சூடேற்றவிடாதீர்கள். புருவத்துக்கும் அதையே தடவிவிடுகிறேன் ஃப்ரீயாக என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கண்ணுக்கு ரொம்பப் பக்கம். மறுநாள் கொப்புளம் வந்தால் சலூனுக்குப் போகாதீர்கள், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.